போரைக் காட்டும் சுவர்கள்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. உடம்பைப் பேண வேண்டும் என்று அறிவுறுத்த வந்த பழமொழி அது. இன்று அதனை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு, சுவரைப் பற்றியும் சித்திரத்தைப் பற்றியும் பேச விரும்புகிறேன். அழகுக்காக எழுதப்பட்ட சித்திரங்களைப் பற்றியன்று. அரசியலுக்காக, அதிலும் போரைப் பற்றிச் சொல்வதற்காக எழுதப்பட்டவற்றைப் பற்றி.

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, மாதனூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து வந்தால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. தோல் பதனிடும் சாலைகளின் நீண்ட மதில்கள், பாலத்தின் கைப்பிடிச் சுவர்கள், பாழடைந்த வீட்டின் பக்கச் சுவர்கள் யாவும் ஏதாவதொன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தேர்தல் வருவதற்கு ஓராண்டு முன்னதாகவே ஒரு கட்சியின் பெயரை எழுதி, ஆண்டையும் குறித்து, 'இச்சுவர் எங்களுக்கு' என்று பட்டா போட்டு வைப்பார்கள். முதலில் சுண்ணாம்பு பூசி வெளுப்பாக்கி, நூல் பிடித்துக் கோடிட்டு, ஆளுயர எழுத்துகளைத் தூரிகையால் நிரப்பும் சுவர் விளம்பர ஓவியர்கள் நம் பகுதியில் பலர் இருந்தனர். பிளெக்ஸ் பலகை வந்து அவர்களுள் பெரும்பாலோரின் பிழைப்பில் மண்ணைப் போட்டது. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் ஒரு சட்டம் செய்யப்பட்டது. சட்டமும் இருக்கிறது, எழுத்தும் இருக்கிறது.

இத்தகைய சுவர் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது: வாக்கு. அதைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டுவதில்லை. ஆனால் போரைப் பற்றிய சுவரைப் படிப்பதற்குப் பயிற்சி வேண்டும். ஏனெனில் அவற்றுள் இருவகை உண்டு. போரை வென்றவன் எழுதுவித்த சுவர் ஒன்று. போரே வேண்டாம் என்பவன் எழுதிய சுவர் மற்றொன்று. இரண்டிலும் குதிரை இருக்கும், வாள் இருக்கும், பிணம் இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாம்.

முதல் வகைக்கு நம் மண்ணோடு தொடர்புடைய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்துப் புள்ளலூர் என்னும் சிற்றூர் உண்டு. பல்லவர் காலத்திலேயே போர்க்களமான ஊர் அது. ஆங்கிலேயர் தம் ஏடுகளில் அதனைப் பொள்ளிலூர் என்று எழுதினர். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், கர்னல் வில்லியம் பெய்லி நடத்திவந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை அங்கே ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்பு சுல்தானும் வளைத்து முறியடித்தனர். கம்பெனியாரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. படையின் பெரும்பகுதி மாண்டது, எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லியும் சிறைப்பட்டு, 1782இல் சீரங்கப்பட்டணத்தில் உயிர்நீத்தார்.

இவ்வெற்றியைத் திப்பு சுல்தான் சீரங்கப்பட்டணத்திலே தாம் 1784இல் கட்டிய தரியா தௌலத் என்னும் கோடைமாளிகையின் மேற்குச் சுவரில் பேரோவியமாக எழுதச் செய்தார். இன்றும் அதனைக் காணலாம். மைசூர்க் குதிரைவீரர் வரிசை வரிசையாகப் பாய்கின்றனர். நடுவே சதுரமாக அணிவகுத்து நிற்கும் செஞ்சட்டைப் படை. அதன் நடுவே பல்லக்கில் பெய்லி. மேலே வெடித்துச் சிதறும் வண்டி. தலைகள் துண்டுபட்டுக் கிடக்கின்றன. இத்தனை ஆரவாரத்திற்கும் இடையில் திப்பு சுல்தானோ கையில் ஒரு ரோஜாமலரை ஏந்தி, தோட்டத்தில் உலாவுபவரைப் போல அமைதியாக முகர்ந்துகொண்டிருக்கிறார். இதனை ஓவியனின் அறியாமை என்று எண்ணிவிடக் கூடாது. தலைவனுக்குப் பதற்றமில்லை, வெற்றி முன்பே உறுதி என்பதைச் சொல்வதற்கே அந்த மலர் அங்கே இருக்கிறது. வெட்டுண்ட தலைகள் சிறியவை. அவற்றுக்குத் தனி முகமில்லை. தலைவர்களுக்குத்தான் முகம் உண்டு.

இந்தச் சுவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் போரில் மாண்டார். அவர் குடும்பத்தாரை நம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து காவலில் வைத்தனர். தரியா தௌலத்திலோ, பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி குடியேறினார். சிதைவுற்றிருந்த அந்த ஓவியத்தைப் புதுப்பிக்கச் செய்தவர் அவரே. பிற்பாடு டல்ஹௌசி பிரபுவின் ஆணையால் அது மீண்டும் ஒருமுறை தீட்டப்பட்டது. தம் படை தோற்றோடிய காட்சியை ஆங்கிலேயரே செலவு செய்து காத்தனர் என்றால் வியப்பாக இல்லையா? எனக்கு வியப்பில்லை. வெற்றிச் சுவர் எத்துணைக் குருதியைக் காட்டினாலும், போர் என்பது பெருமைக்குரியது என்ற ஒன்றை மட்டும் மறுப்பதில்லை. ஆதலால் நேற்றைய பகைவனும் அதனைக் கூடத்து அலங்காரமாக ஏற்றுக்கொள்ள இயலும். அன்று நீ வென்றாய், இன்று நான் வென்றேன். ஆட்டத்தின் விதி ஒன்றுதான்.

இனி மற்ற வகைக்கு வருவோம். இதற்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டும்.

1937ஆம் ஆண்டு ஏப்ரல் 26, திங்கட்கிழமை. ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் கெர்னிக்கா என்ற சிற்றூரில் அன்று சந்தை நாள். குடியாத்தத்துச் சந்தையையோ பேரணாம்பட்டுச் சந்தையையோ நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில், தளபதி பிராங்கோவுக்குத் துணையாக வந்திருந்த ஜெர்மானியக் காண்டார் படைப்பிரிவின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் அலை அலையாக வந்து குண்டு வீசின. ஊர் எரிந்தது. மாண்டோர் 1,654 பேர் என்று அன்றைய பாஸ்க் அரசு அறிவித்தது; பின்னாளைய ஆய்வாளர் பலர் அதனினும் குறைவாக, சில நூறு பேர் எனக் கணிக்கின்றனர். பிராங்கோவின் தரப்பினரோ குண்டே வீசப்படவில்லை, ஊரை விட்டு ஓடியவர்களே அதற்குத் தீ வைத்தனர் என்று சாதித்தார்கள்.

அப்பொழுது பாரிஸ் நகரில் ஓர் உலகப் பொருட்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே அமையும் ஸ்பெயின் நாட்டு மண்டபத்துக்கு ஒரு சுவரோவியம் எழுதித் தருமாறு பாப்லோ பிக்காசோவை அந்நாட்டுக் குடியரசு அரசாங்கம் முன்னரே கேட்டிருந்தது. என்ன எழுதுவது என்று மாதக்கணக்கில் தயங்கியிருந்த பிக்காசோ, செய்தித்தாளில் கெர்னிக்காவின் கதியைப் படித்ததும் மே முதல் நாளன்று தொடங்கி ஏறத்தாழ ஐந்து வாரங்களில் எழுதி முடித்தார். உயரம் பதினொன்றரை அடி; நீளம் இருபத்தைந்தரை அடி. கித்தான் துணியில் எழுதிச் சுவரில் பொருத்திய ஓவியம் அது. அதற்கு அவ்வூரின் பெயரையே இட்டார்.

படத்தைப் பார்க்கும் மாணவன் முதலில் ஏமாறுவான். வண்ணமே இல்லை, கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமே. அக்காலச் செய்தித்தாளின் நிறம் அது. குதிரையின் உடலில் அச்செழுத்து வரிகளைப் போன்ற சிறு கோடுகளைக்கூடக் காணலாம். விமானம் இல்லை. குண்டு இல்லை. ஜெர்மானியனும் இல்லை, இத்தாலியனும் இல்லை. இடப்புறம் இறந்த குழந்தையை மடியில் ஏந்தி வானத்தை நோக்கி அலறும் தாய். அவளுக்கு மேல் ஒரு காளை. நடுவே ஈட்டி பாய்ந்து கனைக்கும் குதிரை. அதன் காலடியில் சிதறிக் கிடக்கும் ஒரு வீரன். அவன் கையில் முறிந்த வாள். வலப்புறம் எரியும் வீட்டில் கைகளை உயர்த்தி நிற்கும் ஒருத்தி; சன்னல் வழியே விளக்கை நீட்டி எட்டிப் பார்க்கும் மற்றொருத்தி. உச்சியில் கண்ணைப் போன்ற வடிவத்துக்குள் ஒரு மின்விளக்கு.

காளை எதைக் குறிக்கிறது, குதிரை எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகின்றனர். காளை கொடுங்கோன்மை என்பார் சிலர். ஸ்பெயின் மக்களே என்பார் சிலர். தேர்வுத்தாளில் எழுதுவதற்கு ஒரு விடை வேண்டுமென்று என்னிடம் கேட்ட மாணவர்கள் உண்டு. நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்: சின்னங்களின் அகராதியைத் தேடுவதற்கு முன், படத்தில் எவருக்கு முகம் கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். அடிபட்டவர்களுக்கே கிடைத்திருக்கிறது. அடித்தவனுக்கு அங்கே இடமே இல்லை. தரியா தௌலத்துச் சுவரை அப்படியே புரட்டிப் போட்டாற் போன்றது இது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. முறிந்த வாளைப் பற்றிய கையருகே பிக்காசோவும் ஒரு சிறு மலரை எழுதியிருக்கிறார். அங்கே அரசன் கையில் ரோஜா. இங்கே இறந்தவன் கையருகே பெயரில்லாத பூ. ஓர் ஓவியர் மற்றவருடைய சுவரைப் பார்த்ததாக நான் சொல்ல வரவில்லை. மலரை எங்கே வைப்பது என்பதில் இரண்டு வகைச் சுவர்களும் பிரிந்துவிடுகின்றன என்பதையே சொல்கிறேன்.

பொருட்காட்சி முடிந்தபின் அந்த ஓவியம் பல நாடுகளுக்குச் சென்று, 1939 முதல் நியூயார்க் நகரத்துக் காட்சிச்சாலையில் தங்கியது. ஸ்பெயினில் மக்களாட்சி மீளும்வரை அங்கே அனுப்பக் கூடாது என்று பிக்காசோ கூறியிருந்தார். அவர் 1973இல் மறைந்தார். பிராங்கோ 1975இல் மறைந்தார். ஓவியம் 1981இல் மாட்ரிட் வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்து நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று ஐக்கிய நாடுகள் மன்றத்தின் பாதுகாப்பு அவையின் வாயிலில் 1985 முதல் தொங்கியது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல், ஈராக்கின் மீது நடவடிக்கை வேண்டுமென வாதிட அங்கே வந்தார். செய்தியாளர் முன் தலைவர்கள் நின்று பேசும் அவ்விடத்தில், ஓவியத்தை நீலத்துணியால் மூடிவிட்டார்கள். தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்குப் பின்புலம் எளிமையாக வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் எதுவாயினும் ஆகுக. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன், வேறொரு நாட்டில், வேறொரு போரைப் பற்றி எழுதிய படம் அது. அதன்முன் நின்று புதிய போரைப் பற்றிப் பேச இயலவில்லை. புள்ளலூர்ச் சுவரை வெல்லெஸ்லி புதுப்பித்தார். கெர்னிக்காவுக்கோ திரை வேண்டியிருந்தது.

நம் தமிழரிடத்தே இத்தகைய சுவர் உண்டா என்று கேட்பீர்கள். தஞ்சையை அடுத்த விளாரில், 2009 மே மாதம் முடிவுற்ற இலங்கைப் போரில் மாண்ட தமிழ் மக்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் முற்றம் என்ற நினைவிடம் 2013 நவம்பரில் திறக்கப்பட்டது. அவர்கள் பட்ட அவலத்தைக் கருங்கல்லில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். திறந்த சில நாட்களுக்குள்ளேயே, நெடுஞ்சாலைக்குரிய நிலம் என்று கூறி அதன் சுற்றுச்சுவரை அதிகாரிகள் இடித்தனர், சிற்பங்கள் நிற்கின்றன. அந்நினைவிடத்தின் அரசியலைப் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். அங்கே செல்லும் மாணவர்கள் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் நின்று, இது வீரத்தைப் பாடுகிறதா, இழப்பைக் காட்டுகிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பேன். கடலுக்கு அப்பால், 2019ஆம் ஆண்டு இறுதியில், அதிபர் தேர்தல் முடிந்த கையோடு இலங்கை நகரங்களில் இளைஞர்கள் திரண்டு தெருச்சுவர்களுக்கு வண்ணம் பூசினர். இயற்கைக் காட்சிகளோடும் பழைய மன்னர்களோடும் போர்வீரர்களின் வெற்றியும் அவற்றில் இடம்பெற்றது. ஒரே போர், கடலின் இருகரையிலும் இருவேறு சுவர்கள்.

இனி நம் வேலூருக்கே திரும்புவோம். இங்கே ஒரு சுவர் இருந்தது. அதில் எவரும் எதுவும் எழுதவில்லை.

1805ஆம் ஆண்டு இறுதியில் சென்னைப் படையின் சிப்பாய்களுக்குப் புதிய கட்டளைகள் பிறந்தன. சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும். அத்தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு சின்னம் இருந்தது. இந்துக்களும் முகமதியரும் ஒருங்கே வெகுண்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி மூண்டது. மைசூரின் புலிக்கொடி ஏறியது. உறங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேய வீரரும், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளும் கொல்லப்பட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். அரண்மனைக்குள் புகலடைந்திருந்த நூற்றுக்கு மேற்பட்ட சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, ஒரு சுவரின் அடியில் நிறுத்தி, சிதறுகுண்டுகளால் சுட்டுத் தீர்த்தனர்.

இதனை நமக்குச் சொல்பவர் கில்லெஸ்பியோடு வந்த ஜான் பிளாக்கிஸ்டன் என்னும் பொறியாளர். 1829இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பில், அன்று அக்காட்சியை ஏறக்குறைய அமைதியாகவே பார்த்து நின்றதாகவும், அது உரிய தண்டனை என்றே அப்போது எண்ணியதாகவும் எழுதுகிறார். அத்தோடு நிற்கவில்லை. காலம் கடந்தபின் அச்செயலைச் சரியென ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, அன்று தமக்கு அவ்வாறு தோன்றியது எப்படி என்பதும் விளங்கவில்லை என்கிறார். வென்ற தரப்பினர் ஒருவரின் வாக்கு இது.

இரண்டே ஆண்டுகள் கழிந்து, 1808 மே 3ஆம் நாள் விடியலில், மாட்ரிட் நகரில் நெப்போலியனின் படையினர் கிளர்ச்சி செய்த பொதுமக்களைப் பிடித்து நிறுத்திச் சுட்டனர். கோயா என்ற ஓவியர் 1814இல் அதனைப் படமாக எழுதினார். தரையில் ஒரு பெரிய விளக்கு. அதன் ஒளியில் வெண்சட்டை அணிந்த ஒருவன் இரு கைகளையும் விரித்து நிற்கிறான். சுடுபவர்களின் முதுகு மட்டுமே தெரிகிறது, முகம் இல்லை. பிக்காசோவுக்கு வழிகாட்டிய படங்களுள் இது தலையாயது. வேலூரில் நிகழ்ந்ததும் மாட்ரிடில் நிகழ்ந்ததும் பெரும்பாலும் ஒன்றே. மாட்ரிடுக்குக் கோயா கிடைத்தார். நமக்கு 1998இல் கோட்டைக்கு எதிரே ஒரு நினைவுத்தூணும், 2006இல் ஓர் அஞ்சல்தலையும் கிடைத்தன. அவையும் வேண்டியவையே. ஆனால் தூணுக்கு முகம் இல்லை.

நான் பணியில் இருந்த காலத்தில் ஓர் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று இவ்வரலாற்றைச் சொன்னேன். அந்தச் சுவரில் நீங்கள் எழுதுவதானால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டு, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெரும்பாலோர் கொடியை எழுதினர். வாளை உயர்த்திய வீரனை எழுதினர். அது இயல்பே, திரைப்படமும் பாடநூலும் அவர்களுக்குக் காட்டியது அதைத்தான். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மட்டும், கீழ்வரிசையில் சுவரை நோக்கித் திரும்பிய பூட்ஸ் கால்களை நெருக்கமாக எழுதியிருந்தான். முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை. அவன் தந்தை காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைப்பவர்.

"இவர்களுக்கு முகம் எங்கேடா?" என்றேன்.

"பூட்ஸ் தைக்கிறவங்களுக்கு அதைப் போடுறவங்க முகம் தெரியாதுங்க, சார்" என்றான்.

அவன் அறிந்து சொன்னானோ, அறியாமல் சொன்னானோ. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு இம்மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோலை, 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின்போது, தன் படைவீரரின் பூட்ஸ்களுக்காகப் பிரிட்டிஷ் போர்த்துறை பெருமளவில் வாங்கியது. தோல் வணிகம் அந்த ஆண்டுகளில் செழித்தது. பாலாற்றங்கரைக்கும் பிரெஞ்சு நாட்டுச் சேற்றுக் குழிகளுக்கும் இடையே அப்படியொரு தொடர்பு உண்டு என்பதை அன்றுதான் வகுப்பில் சொன்னேன். அதன்பின் இரண்டு மூன்று பேர் தங்கள் தாளைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டனர். ஒரு மாணவி சுவரை மட்டும் எழுதி, அதன் அடியில் நூறு தலைப்பாகைகளை வைத்தாள். எண்ணிப் பார்த்தேன், நூறும் இருந்தன. மற்றொருவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவனையும் சேர்த்து எழுதினான். அது குறித்து வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. மணி அடித்தும் அடங்கவில்லை.

வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவரில் எவரும் ஒரு கோடும் கிழிக்கலாகாது, அதுவே முறை. ஆதலால் அந்தத் தாள்களை எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் ஒட்டிவைத்தோம். ஆண்டுத் தேர்வுக்குப் பின் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் வரும்வரை அவை அங்கே இருந்தன.